கடைசி வெள்ளிக்கிழமை கேக்

திருப்பதி
22 ஜூன் 2025

அண்ணனுக்கு ஜெமிமாவின் ஸ்தோத்திரங்கள். நான் சுகம். உங்கள் தொண்டை ஆறிவருகிறதா? ஆபரேஷன் செய்த டாக்டர் மூன்று மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது என்றாராமே. மிஷன் ஸ்கூல் ஹெட்மாஸ்டராகக் கத்தித் தீர்த்த தொண்டைக்கு இப்போதுதான் லீவு கிடைத்திருக்கிறது. அண்ணியின் காதுகளுக்கும்தான்.

மெசேஜ் அனுப்பலாமே என்பீர்கள். நான் அனுப்புவதை அண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு கிரீம்ஸ்பேட்டை முழுக்கக் கேட்கும்படி உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். இது தெரு கேட்க வேண்டிய விஷயம் இல்லை. அதனால் கடிதம்.

உங்கள் பேரன் ஆசிர் இந்த வருஷம் என் வகுப்பு, இரண்டாம் வகுப்பு பி. ஸ்கூலுக்குள் "மேடம்" என்கிறான், கேட்டைத் தாண்டியதும் பாட்டி முறைக்கு "ஜெமி ஆயா" ஆகிவிடுகிறேன். உங்கள் மகள் ஸ்வீட்டி அவனை நன்றாக வளர்க்கிறாள்.

அதே வகுப்பில் தரணி என்று ஒரு பெண். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒதுக்குகிற இலவச சீட்டில், குலுக்கலில் வந்தவள். யானாதிப் பழங்குடி வீட்டுப் பிள்ளை. அப்பா வேணு வயல்களில் எலி பிடிப்பார், ஏரி குத்தகைக்காரர்களுக்கு வலை இழுப்பார். அம்மா செங்கம்மா திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டுகிறார். வெள்ளிக்கிழமை தரணிக்குப் பிறந்தநாள். எங்கள் ஸ்கூலில் அன்றைக்கு மட்டும் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வரலாம், வகுப்புக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கலாம். ரோஸ் கவுனில் வந்தாள். கடைசி பீரியடில் டெஸ்க் டெஸ்க்காகப் போய் ஆளுக்கு ஒரு பால் மிட்டாய் கொடுத்தாள். எல்லோரும் பாட்டுப் பாடி, மிட்டாயைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை வகுப்புக்குள் போனால் குப்பைக்கூடையில் மிட்டாய். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பையிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, ஹோம்வொர்க் நோட்டு வைத்தது மாதிரிச் சாதாரணமாக இடத்தில் போய் உட்காருகிறார்கள். ஏன் என்று கேட்டேன். "மம்மி போடச் சொன்னாங்க மேடம்." கும்பலோடு கும்பலாக நம் ஆசிரும் போட்டான்.

தரணி கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பொறுக்கினாள். "படிபோயினாயி மேடம்" என்றாள். விழுந்துவிட்டனவாம். ஒவ்வொன்றையும் துடைத்து மறுபடி ஒவ்வொரு டெஸ்க்கிலும் வைத்துக்கொண்டே போனாள். யாரும் தொடவில்லை. நான் அன்றைக்குப் பாடமே நடத்தவில்லை.

தாய்மார்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறது. டீச்சர்களைச் சேர்ப்பதில்லை. அதில்தான் யாரோ தொடங்கியிருக்கிறார்கள். ஸ்வீட்டி அதில் இருக்கிறாள். நான் கேட்டால் டீச்சர் விசாரிப்பது மாதிரி ஆகிவிடும். நீங்கள் கேட்டு எழுதுங்கள். மாத்திரையை மறக்க வேண்டாம்.

உங்கள் தங்கை
ஜெமிமா


சித்தூர்
6 ஜூலை 2025

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஜெமிமாவுக்கு, அண்ணன் அசரியாவின் ஆசீர்வாதம். நானும் உன் அண்ணியும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் சிலேட்டில் எழுதித்தான் காபி கேட்கிறேன். சர்க்கரை போதவில்லை என்று எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. மாங்காய்க் கூழ் ஃபேக்டரி வாசலில் இன்னும் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஊரெல்லாம் புளித்த வாடை.

நீ எழுதியதைப் படித்து வருந்தினேன். ஆனால் பெற்றோர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? மழை தொடங்குகிற சமயம். பெட்டிக்கடை மிட்டாய் என்றால் வாந்தி, பேதி என்று பயப்படத்தான் செய்வார்கள். அதற்கு நாம் வேறு சாயம் பூச வேண்டாம். யார் ஆரம்பித்தார்கள் என்று தோண்டி எடுப்பதால் அந்தப் பிள்ளைக்கு என்ன லாபம்? உனக்குத்தான் பகை.

ஸ்வீட்டியைக் கேட்டேன். அந்தக் குரூப்பை அவள் திறந்து பார்ப்பதே இல்லையாம். மாமியார் வீட்டு வேலையே அவளுக்குத் தலைக்குமேல் இருக்கிறது. ஆசிர் கணக்கில் எப்படி என்று எழுது. அவன் அப்பா ஜெர்ரி மாதிரி இல்லாமல் இருந்தால் சரி.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
அண்ணன் அசரியா


திருப்பதி
13 ஜூலை 2025

அண்ணனுக்கு ஸ்தோத்திரம். சுகம்தான். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பேதி என்று எழுதியிருக்கிறீர்கள். ரியல் எஸ்டேட் முரளிதரன் மகன் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த க்ரீம் கேக் வெயிலில் காரிலேயே இருந்து புளித்துப் போயிருந்தது. அதை நாற்பது பிள்ளைகளும் விரலை நக்கித் தின்றார்கள். எந்த மம்மிக்கும் வயிறு கலங்கவில்லை. இவர்களுடைய வயிறு ஆளைப் பார்த்துத்தான் கலங்குகிறது.

போன வாரம் அந்த முரளிதரனும் நாலைந்து பேரும் எங்கள் கரெஸ்பாண்டன்ட் நாகேந்திரன் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். "மேடம், எங்களுக்குப் பேதம்லாம் கெடயாது. சுத்தம், அவ்ளோதான். அந்தப் பாப்பாவ வேற செக்ஷனுக்கு மாத்திக்கினா போதும்" என்றார் முரளிதரன். ஒரு செக்ஷனில் வேண்டாதவள் இன்னொரு செக்ஷனில் எப்படிச் சுத்தமாகிவிடுவாள் என்று கேட்டேன். இதை முதலில் கிளப்பியது யார் என்றும் கேட்டேன். சிரித்தார். "எங்கள ஏன் கேக்கறீங்க மேடம், உங்க சர்ச்சு ஆளுங்கள்ல கேட்டுப் பாருங்க" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

தரணியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அங்கேயே யோசித்து ஒரு வழி சொன்னேன். இனி யாருமே வீட்டிலிருந்து மிட்டாய் கொண்டுவர வேண்டாம். ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை, அந்த மாதம் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஸ்கூலே ஒரு கேக் வாங்கட்டும். பணக்காரன் மிட்டாய், ஏழை மிட்டாய் என்கிற பேச்சே வராது. எல்லோருக்கும் ஒரே விதி. நாகேந்திரன் மேஜையைத் தட்டினார். முரளிதரனும் ஒத்துக்கொண்டார். தரணி என் வகுப்பிலேயே இருக்கிறாள்.

கொஞ்சம் பெருமையாக இருந்தது, ஒளிக்க மாட்டேன். ஆனால் "உங்க சர்ச்சு ஆளுங்க" என்றது முள்ளாகக் குத்துகிறது. திருப்பதி சபையில் என் வகுப்புத் தாய்மார்கள் இரண்டே பேர். ஸ்வீட்டியை இன்னொரு முறை கேளுங்கள்.

ஜெமிமா


சித்தூர்
10 ஆகஸ்ட் 2025

பிரியமான தங்கைக்கு அண்ணனின் ஆசீர்வாதம். தேவ கிருபையால் தொண்டை வீக்கம் வற்றிவருகிறது. உன் முழங்கால் வலி எப்படி?

உன் யோசனையைப் படித்துவிட்டு அண்ணிக்கும் கொடுத்தேன். இந்தப் புத்தி யாருக்கு வரும். சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒருவர் மனமும் நோகவில்லை. நான் ஹெட்மாஸ்டராக இருந்தபோது உன்னை மாதிரி ஒருத்தி ஸ்டாஃப் ரூமில் இருந்திருந்தால் எனக்கு பி.பி.யே வந்திருக்காது. நம் சபை ஐயரிடமும் சொன்னேன், அதாவது எழுதிக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லப்போகிறாராம்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறோம். முன் அறைக்கு நீலம் வேண்டும் என்கிறாள் அண்ணி. எனக்கு வெள்ளைதான் பிடிக்கும். சிலேட்டில் சண்டை போட்டு ஜெயிக்க முடியவில்லை. பெயின்டர் சிட்டிபாபு இரண்டு நாளாக வரவே இல்லை.

நல்லபடியாக முடிந்த விஷயத்தை இனிக் கிளறாதே.

அண்ணன் அசரியா


திருப்பதி
31 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு வணக்கம். முழங்கால் பரவாயில்லை. நீலம், வெள்ளை எதுவானாலும் சீக்கிரம் அடித்து முடியுங்கள், அந்த வாடை தொண்டைக்கு ஆகாது.

நல்லபடியாக முடிந்தது என்று எழுதினீர்கள். முடியவில்லை, வளர்ந்துகொண்டிருக்கிறது. ஜூலையில் ஜூன் பிள்ளைகளையும் சேர்த்து முதல் கேக் வெட்டினோம். தரணியும் கத்தியைப் பிடித்தாள். வெட்டி முடித்ததும் அவள் நின்ற பக்கத்துத் துண்டுகளை மட்டும் ஒரு தட்டில் ஒதுக்கி, "இது ஸ்டாஃபுக்கு" என்றார்கள். ஸ்டாஃப் ரூமில் சாயங்காலம் வரை அது ஈ மொய்த்துக்கொண்டு கிடந்தது. நான் ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்வது.

இந்த மாதம் புது சர்க்குலர். பிறந்தநாள் பிள்ளைகள் கத்தியைத் தொட வேண்டாம், கையுறை போட்ட ஆயாம்மாதான் வெட்டுவார். யாருக்காக இந்தக் கையுறை என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்குலரில் "அனைவருக்கும் சமமாக" என்று இருக்கிறது. அடுத்த வாரமே டிபன் பாக்ஸ் பகிரக் கூடாது என்று இன்னொன்று. அதற்கடுத்து வாட்டர் பாட்டில், பென்சில். அசெம்பிளிக்குப் போகும்போது கைகோத்துப் போகக் கூடாது, இடைவெளி விட்டு நடக்க வேண்டும். எல்லாமே எல்லோருக்கும். ஒன்றிலாவது தரணி பெயர் இருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். ஒன்றிலும் இல்லை. மற்றப் பிள்ளைகள் மறைவில் பகிர்ந்து தின்கிறார்கள், ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். விதி உண்மையில் அமலாகிறது அவள் ஒருத்திக்கு மட்டும்தான்.

இதற்கு நாகேந்திரன் வைத்திருக்கும் பெயர் சமபாவத் திட்டம். ஹைதராபாத்தில் ஒரு டிரஸ்ட், எல்லாப் பிள்ளைகளையும் அரவணைக்கும் ஸ்கூல் என்று விருது கொடுக்கப்போகிறதாம். நவம்பர் குழந்தைகள் தினத்தில் விழா. திட்டத்தை உருவாக்கியவர் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறார். போட்டோ எடுக்கும்போது மட்டும் தரணியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, தலையில் கை வைக்கிறார். படம் எடுத்ததும் பாக்கெட்டிலிருந்து சானிடைசர் எடுத்துக் கையில் தேய்த்துக்கொள்கிறார். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஜெமிமா


சித்தூர்
21 செப்டம்பர் 2025

பிரியமான ஜெமிமாவுக்கு. நலம், நலமறிய ஆவல். டாக்டர் மெல்ல மெல்லப் பேசலாம் என்றிருக்கிறார். குரல் மழுங்கின ரம்பம் மாதிரி வருகிறது.

விருதை நீ வாங்கத்தான் வேண்டும். நம் குடும்பத்தில் ஒருத்திக்கு மேடையில் மாலை விழுகிறது, சின்ன விஷயமா? ஜெர்ரியின் அப்பா அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்வீட்டிக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. சர்க்குலரில் ஒன்றிரண்டு குறை இருக்கலாம். காலப்போக்கில் சரியாகிவிடும்.

யாரையும் வெறுக்காதே. அன்றைக்கு அந்த மிட்டாயைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டதுகூட ஒரு தாயின் அக்கறைதான், துவேஷம் இல்லை. மற்றவர்கள் அதை இவ்வளவு தூரம் இழுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? மன்னிப்போம், மறப்போம்.

அண்ணன் அசரியா


திருப்பதி
28 செப்டம்பர் 2025

அண்ணா,

எந்தப் போட்டோ?

நான் எந்தக் கடிதத்திலும் போட்டோ என்று எழுதவில்லை. எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜூலை மாதமே தெரிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு நேராக ஸ்வீட்டி வீட்டுக்குப் போனேன்.

மறைக்கவில்லை அவள். "ஆமா அத்தை, நான்தான் போட்டேன். இது யார் கையால வந்துதுன்னு பாத்துக்குங்கன்னு போட்டேன், அவ்ளோதான். இன்னா தப்பு?" என்றாள். ஆசிர் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். "அவுங்க எலி துன்றவங்க அத்தை. அந்தக் கைய நெனச்சாலே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது. நைனா கேட்டாரு, சொன்னேன். அத்தைகிட்ட சொல்லிக்கினு இருக்காதேன்னு நைனாதான் எழுதிக் காட்டினாரு."

உன் தாத்தாவுக்கு முன்னால் நம் குடும்பம் யார், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியுமே. நெலபுலம் இருந்துது. ஏசப்பாவுக்காக எல்லாத்தையும் உட்டுட்டு வந்தாங்கன்னு நைனா சொல்லியிருக்காரே. எங்க மாமியாரு சொந்தக்காரங்ககிட்டல்லாம் அதத்தான் பெருமையா சொல்லிக்கினு இருப்பாங்க" என்றாள்.

எந்த நிலம் அண்ணா? எந்தப் புலம்? நம் தாத்தா சேரியிலிருந்து வந்து, ஊரில் செத்த மாட்டைத் தூக்கிக்கொண்டுபோய் உரித்தவர். அந்தக் கறியைத் துன்னு வளர்ந்தவர் நம் நைனா. மிஷன் ஸ்கூலில் சேர்ந்த முதல் வருஷம், அவரைத் தொட்டுவிட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் குளித்தார்களாம். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டீர்கள். எனக்கு அதில் வெட்கமே இல்லை. நீங்கள் அதைக் கழுவித் துடைத்து நிலபுலம் ஆக்கினீர்கள் பாருங்கள், அதுதான் நாறுகிறது.

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அதை அவளுக்குச் சொல்ல வேண்டியது நான் இல்லை, நீங்கள். எப்போது சொல்லப்போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

ஜெமிமா


திருப்பதி
26 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறதாம், அண்ணி சொன்னார். சரி.

தசரா லீவு முடிந்து தரணி வரவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு திருச்சானூர் ஷேர் ஆட்டோ பிடித்து, கேட்டுக் கேட்டு அவர்கள் காலனிக்குப் போனேன். செங்கம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தரணி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். செங்கம்மா தெலுங்கில் சொன்னார்: "அக்கட அந்தரூ மஞ்சிவாள்ளே மேடம். மா பாப்ப செய்யி மாத்ரம் எவ்வரூ பட்டுகோரு." அங்கே எல்லோரும் நல்லவர்கள்தானாம். அவர் பெண்ணின் கையை மட்டும் யாரும் பிடிப்பதில்லையாம். வீட்டில்கூட இப்போது தரணி தம்பிக்கு எதையும் கையில் கொடுப்பதில்லை, கீழே வைத்துவிட்டு எடுத்துக்கொள் என்கிறாளாம். என் வகுப்பில் அவள் கற்றுக்கொண்டது அது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செங்கம்மா டீ கொண்டுவந்து நீட்டினார். என் கை ஒரு நொடி நின்றது அண்ணா. ஒரே நொடிதான். அடுப்புக்குப் பக்கத்தில் எலிப் பொறி தொங்கிக்கொண்டிருந்தது, கண் அங்கே போய்விட்டது. செங்கம்மா பார்த்துவிட்டார். டம்ளரைத் தரையில் வைத்தார், அவருக்குப் பழக்கம்தானே. நான் எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். குடித்து முடித்து மனசுக்குள் எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். கை நின்றதைவிட அந்தச் சபாஷ்தான் கேவலம்.

உங்கள் மகள் போட்டோ போட்டாள். நான் விதி போட்டேன். இருவருக்கும் உள்ள வித்தியாசம், எனக்கு மாலை போடப்போகிறார்கள் என்பதுதான். குழந்தைகள் தினத்தன்று மேடையில் ஏறப்போகிறேன். பேசப்போகிறேன்.

ஜெமிமா


சித்தூர்
7 நவம்பர் 2025

ஜெமிமா,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இப்போது எனக்கு ஓரளவு பேச வருகிறது. உன்னிடம் பேச மட்டும் வாய் வரவில்லை, அதனால்தான் போன் எடுக்கவில்லை.

சம்பந்தம் பேசும்போது ஜெர்ரியின் அப்பா, உங்கள் பூர்வீகம் என்ன என்று கேட்டார். அவர்கள் மதம் மாறி மூன்று தலைமுறை ஆகியும் சாதியை மட்டும் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள். ஸ்வீட்டிக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நான் நிலபுலம் என்று ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தையில் அவள் எட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

நீ மேடையில் ஏறி ஸ்கூலைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல். நம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதே. முன்வரிசையில் ஜெர்ரியின் அப்பா அம்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த யானாதிப் பிள்ளைக்கு நூறு ஸ்கூல் கிடைக்கும். என் மகளுக்கு ஒரே வீடுதான். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அசரியா


திருப்பதி
16 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

பயப்பட வேண்டாம். உங்கள் சம்பந்தி வீட்டார் பாதாம் பால் குடித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

மேடைக்குப் பின்னால் வாசல் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் தரணியின் முகம், சிரித்த முகம், தலையில் நாகேந்திரனின் கை. அந்தப் பிள்ளை ஸ்கூலை விட்டு நின்று ஒன்றரை மாதம் ஆகிறது. அட்டெண்டன்ஸில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது, எடுத்தால் அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, இந்தப் படத்தில் இருக்கும் பிள்ளை இப்போது இந்த ஸ்கூலில் இல்லை என்றேன். அவள் கொடுத்த மிட்டாயை அவள் கண் முன்னாலேயே குப்பையில் போட்டார்கள், அதை மூடி மறைக்கத்தான் இந்தத் திட்டம், அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான் என்றேன். நம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கைதட்டினார்கள். நாகேந்திரன் ஓடிவந்து மைக்கை வாங்கி, "ஜெமிமா மேடம் ரொம்ப எமோஷனல், அவங்களோட அடக்கத்தப் பாருங்க" என்றார். டிரஸ்ட் அம்மாள் ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்வீட்டியும் தட்டினாள். தட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தாள். சத்தம் போட்டு எதிர்த்திருந்தால்கூடத் தேவலாம்.

மறுநாள் காலை என்னை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தரணி முனிசிபல் ஸ்கூலுக்குப் போகிறாள். அங்கே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, எல்லா இடத்திலும் மம்மிகள் இருக்கிறார்கள். செங்கம்மா தன் பெண் இங்கிலீஷ் பேச வேண்டும் என்றுதான் குலுக்கலில் பெயர் கொடுத்தார். அது போயிற்று. சாயங்காலம் வந்து சொல்லித்தரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும். என்னை நம்ப அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

உங்கள் மகளுக்கு ஒரே வீடு என்று எழுதினீர்கள். அந்த வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன். இனி நீங்கள் அவளுக்குச் சொல்லும்வரை எனக்குக் கடிதம் போட வேண்டாம். கிறிஸ்மஸுக்கு வர மாட்டேன்.

ஜெமிமா


சித்தூர்
28 டிசம்பர் 2025

ஜெமிமாவுக்கு,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

கிறிஸ்மஸுக்கு ஸ்வீட்டியும் ஆசிரும் வந்திருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் ஸ்வீட்டியை நீலம் அடித்த அந்த அறையில் உட்கார வைத்து, தாத்தாவின் அப்பா யார், என்ன வேலை செய்தார், நம் நைனாவைத் தொட்ட பிள்ளைகள் என்ன செய்தார்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அறுந்த குரலில் அரை மணி நேரம் ஆயிற்று. நான் முடித்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். நீயும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பாய்.

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஜெர்ரிக்குத் தெரியுமா நைனா?" என்றாள். தெரியாது என்றேன். தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்ல இந்த வருஷம் பலகாரம் ஃபுல்லா நான்தான் சுட்டேன் நைனா. எங்க மாமியாரு தெருவுக்கே குடுத்துக்கினு இருக்காங்க. தெரிஞ்சா துப்பிடுவாங்க நைனா."

யாருக்கும் சொல்ல மாட்டேன், அத்தையும் சொல்லக் கூடாது என்று ஆசிர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். எதன்மேலும் ஆணையிடக் கூடாது என்று நாற்பது வருஷம் வேதபாடம் எடுத்தவன் நான். மாடிப்படியில் இறங்கிவந்த பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து, அவன் தலையில் கை வைத்துச் செய்து கொடுத்தேன். உன் பெயரையும் சேர்த்து.

அண்ணன்
அசரியா